முதல் ஓனர்

முட்டிக்குள் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார்
ஸ்டான்லி டாக்டர்.
கிக்கரை உதைப்பதை விட்டால்
ஆபரேஷன் கொஞ்சம் தள்ளிப்போகும்.
செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது என் ஷோகனுக்கு.
காரணம் அவ்வளவுதான்.
கடன், கல்யாணம் என்று
யாரும் கதை கட்ட வேண்டாம்.

கல்மண்டபம் டீக்கடையில் சொல்லிவைத்தேன்.
முதலில் வந்தவன் சைலன்சரை மட்டும் கேட்டான்.
அடுத்தவன் ஒரு ரவுண்டு போய்வந்து
வண்டியைப் பற்றி வாயே திறக்காமல்
எங்கள் தெருவில் மெட்ரோ தண்ணி
எத்தனை மணிக்கு வரும் என்று விசாரித்தான்.
மூன்றாவதாக,
வண்ணாரப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில்
எத்திராஜுலு வந்தார்.
நம்பர் பிளேட்டைத்தான் முதலில் பார்த்தார்.
சட்டைப்பையிலிருந்து ஒரு பழுப்புத் தாளைப் பிரித்து
எண்ணுக்கு எண் சரிபார்த்தார்.
"இது என் வண்டிபா."

தொண்ணூற்று நாலில் ஷோரூமில் எடுத்தவர்.
நான் ஐந்தாவது ஓனர்.
நடுவில் மூன்று பேர்,
ஆர்.சி. புத்தகத்தில் வெறும் கையெழுத்துகள்.

என் வண்டிக்குள் தன் வண்டியைத் தேடினார்.
"ஹேண்டில் இது இல்லியே?"
பேட்ரிக் கடைசலில் செய்தது என்றேன்.
"ஃபோர்க்கு?"
அப்பாச்சி.
"டிஸ்க்கு?"
பல்சர்.
"சீட்டு இன்னா இவ்ளோ குட்டியா கீது?"
புளியந்தோப்பில் தைத்தது. ஒண்டி சீட்டு.
"ஒண்டியாவா" என்றார்.
அந்தச் சொல்லில்
பின்னாலிருந்து யாரோ இறங்கி நின்றார்கள்.
புடவைத் தலைப்பைக் கூடச் சரிசெய்தது போலிருந்தது.
நான் கேட்கவில்லை.

டேங்கின் அடிப்பக்கம் சாவியால் சுரண்டினார்.
யார்டில் மிஞ்சிய கன்டெய்னர் நீலம்,
அதற்கு அடியில் கறுப்பு,
அதற்கும் அடியில் எவனோ பூசிய சாம்பல்,
கடைசியில்
நகக்கண் அளவுக்கு மெரூன்.
"தோ, கீது."

விலை பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்:
"எனக்கு எப்டி இருந்துச்சோ
அப்டியே வோணும்."

பழைய உறுப்பெல்லாம் மச்சில் இருந்தன,
பொன்னி அரிசி மூட்டையில்.
ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை
பேசின் பிரிட்ஜ் ஆர்.டி.ஓ. முன்னால்
ஒரு நாள் மட்டும் அது நல்ல பிள்ளையாக நிற்க
நான் பத்திரப்படுத்தியவை.

"நான் போட்டத நானே கயட்டணுமா?"
பேட்ரிக் ஒரு பீடி முழுக்க உட்கார்ந்திருந்தான்.
பிறகு இரண்டு ராத்திரி.
ஒவ்வொரு போல்ட்டாக
அது என்னிடமிருந்து சாதுவாகிக்கொண்டே போனது.
எண்ணூர் வரைக்கும் டிரைலர்கள் வரிசைகட்டினாலும்
ஒன்பது மணி கேட்டுக்கு
ஒன்பதுக்கே என்னைக் கொண்டுவிட்ட வண்டி.
அதன் சத்தம் காசிமேடு முனையில் கேட்டால்
ரெஜினா உலையில் அரிசி போடுவாள்.

எல்லாம் திரும்பியது,
சிலிண்டருக்குள் பேட்ரிக் அரம் வைத்துத் தேய்த்து
அகலமாக்கிய போர்ட்டைத் தவிர.
தேய்த்த இரும்பை ஒட்டவைக்க
எந்தப் பட்டறையிலும் ஆள் இல்லை.
சொல்லலாமா என்று அவன் என்னைப் பார்த்தான்.
நான் டூல்ஸை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார், இஸ்திரி போட்ட சட்டையில்.
மெரூன் இன்னும் காயாத வாசம்.
நீளச் சீட்டின் பின்பாதியைக்
கைக்குட்டையால் துடைத்தார்.
அதில் உட்கார யாரும் கூட வரவில்லை.
ஒரே உதை.
யாருடைய வண்டியோ போல் முணுமுணுத்துக்கொண்டு
தெருவைத் தாண்டியது.
மெயின் ரோட்டில், மூன்றாவது கியரில்,
அவர் தோள் சட்டென்று பின்னால் போய் வந்தது.
தொண்ணூற்று நாலில் இல்லாத ஒரு இழுப்பு.
திரும்பிப் பார்த்தாரா தெரியவில்லை,
குறுக்கே ஐஸ் வண்டி வந்துவிட்டது.

கழற்றியதையெல்லாம் அதே மூட்டையில் கட்டினேன்.
ஹேண்டில், ஃபோர்க், டிஸ்க், சைலன்சர்,
மேலாக ஒண்டி சீட்டு.
மச்சில் ஏற்ற முடியவில்லை.
முட்டி.
நடைவாசலில் கிடக்கிறது, ஆயில் கசிந்தபடி.
இரண்டு முறை தடுக்கி
மூன்றாம் முறை நின்று கேட்டாள் ரெஜினா:
"அந்தாளு வண்டிய வித்துட்ட, சரி.
உன்னுத எப்போ விக்கப்போற?"